உயர்த்திய பிறகு ஜீப் ஏன் அலைபாய்கிறது

ஜீப்பின் ஸ்பிரிங்குகளை மாற்றி அதை இரண்டரை அங்குலம் உயர்த்த எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும் இரண்டு நாட்கள் போதுமானதாக இருந்தன. உயர்த்திய அந்த வண்டியை நெடுஞ்சாலையில் அச்சமின்றி ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர மேலும் ஏழு வாரங்கள் பிடித்தன. அந்த ஏழு வாரங்களில் எந்தக் குறை எதனால் வந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை முழுமையாக எழுதி வைக்க விரும்புகிறேன். இதே வேலையைச் செய்துவிட்டு, அடுத்து எந்தப் பாகத்தை வாங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

வண்டி 2014ஆம் ஆண்டின் ஜீப் ராங்லர். நான்கு கதவுகள் கொண்டது. 2007 முதல் 2018 வரை விற்பனையான, ஜே.கே. என்று அழைக்கப்படும் தலைமுறையைச் சேர்ந்தது. நாங்கள் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் வசிக்கிறோம். வடக்கே செடோனாவில் உள்ள ஷ்னெப்ளி ஹில் சாலையின் பாறைப் படிகளில் வண்டியின் அடிப்பாகம் இருமுறை பலமாக உரசிய பிறகே உயர்த்துவது என்று முடிவு செய்தோம். புதிய காயில் ஸ்பிரிங்குகள், நீளமான ஷாக் அப்சார்பர்கள், 315/70ஆர்17 அளவுள்ள டயர்கள், அவற்றுக்குப் பொருந்தும் வீல்கள் ஆகியவற்றைப் பொருத்தினோம். பாகங்கள் விற்ற கடையில், உயர்த்திய வண்டிக்கு அவசியம் என்று சொன்னதால், கீழ்நோக்கி வளைந்த பிட்மன் ஆர்ம் (ஸ்டீரிங் பெட்டியிலிருந்து திருப்பத்தை வெளியே கடத்தும் கை) ஒன்றையும் வாங்கி மாட்டினோம். அதைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் ஐ-17 நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிச் சென்றபோது நான்கு குறைகள் தெரிந்தன. திரும்பி வந்ததும் அவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். நேரான சாலையில் செல்லும்போது ஸ்டீரிங் சக்கரம் நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அத்துடன் மெல்லிய வளைவுகளில், வண்டி வழுக்காமல் காக்கும் இ.எஸ்.பி. அமைப்பின் விளக்கு எரிந்து, யாரோ பிரேக்கைத் தொட்டதுபோல் வண்டி தயங்கியது. 60 மைல் வேகத்துக்கு மேல் வண்டி தன் பாதையில் நிற்காமல் இருபுறமும் அலைந்தது. அதோடு, வளைவு முடிந்த பிறகும் ஸ்டீரிங் தானாகத் திரும்பி வரவில்லை. சாலையின் பள்ளத்தில் முன்பக்கம் இறங்கி ஏறும்போது, நான் ஸ்டீரிங்கை அசைக்காமலே, மூக்கு ஒரு பக்கம் வெட்டியது. இவை எல்லாவற்றையும்விட மோசமானது நான்காவது: பிளாக் கேன்யன் சிட்டி அருகே ஒரு பாலத்தின் இணைப்பை 55 மைல் வேகத்தில் கடந்தபோது முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக மிகக் கடுமையாக உதறத் தொடங்கின, வேகம் 30 மைலுக்குக் கீழே இறங்கும் வரை அந்த உதறல் நிற்கவில்லை. அமெரிக்காவில் இதை டெத் வாபிள் என்பார்கள். என் மகள் பின்னிருக்கையில் இருந்தாள். அந்தச் சில நொடிகள் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன.

நோட்டில் எழுதியதுதான் இந்த வேலையில் நான் செய்த முதல் சரியான காரியம். "ஸ்டீரிங் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் கேட்பவர் எந்தப் பாகத்தையும் குற்றம் சொல்லலாம். எந்த வேகத்தில், நேர்ச் சாலையிலா வளைவிலா, மேட்டிலா சமதளத்திலா, பிரேக்கை மிதித்தபோதா மிதிக்காதபோதா என்று பிரித்து எழுதினால் குறையே தன் காரணத்தைப் பாதி சொல்லிவிடுகிறது. இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. என் பழைய டயரின் விட்டம் சுமார் 814 மி.மீ.; புதியதன் விட்டம் சுமார் 873 மி.மீ. ஆகவே கணினியில் டயர் அளவைத் திருத்தும் வரை வேகமானி 7 விழுக்காடு குறைவாகவே காட்டும். நான் 55 என்று எழுதியது உண்மையில் 59.

விவரத்தைச் சொன்னதும் கடையில் கிடைத்த பதில், கனமான ஸ்டீரிங் டேம்பர் ஒன்றை மாட்டுங்கள் என்பதே. நான் அதை வாங்கவில்லை. ஸ்டீரிங் டேம்பர் என்பது கிடைமட்டமாக வைக்கப்பட்ட ஒரு சிறிய ஷாக் அப்சார்பர்; டயரிலிருந்து வரும் சிறு அதிர்வுகளை அது விழுங்கும். ஓர் இணைப்பில் ஆட்டம் இருந்தால் அந்த ஆட்டத்தை அது போக்காது. நம் கைக்குத் தெரியாமல் மறைக்கும். மறைந்திருக்கும் காலம் முழுவதும் அந்த போல்ட் தன் துளையைத் தின்றுகொண்டே இருக்கும். காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் வெறும் மாத்திரையால் சூட்டைக் குறைப்பதற்கு ஒப்பானது இது.

குறைகளைத் தேடுவதற்கு முன் ஓர் அடிப்படையை விளங்கிக்கொள்ள வேண்டும். ஜே.கே.யின் முன் அச்சு ஒரே துண்டான இரும்பு அச்சு. அதை முன்பின் நகராமல் பிடித்திருப்பவை நான்கு கன்ட்ரோல் ஆர்ம்கள். இடவலமாக நகராமல் பிடித்திருப்பது ட்ராக் பார் என்ற ஒற்றைத் தண்டு. அதன் ஒரு முனை ஓட்டுநர் பக்கத்தில் வண்டியின் சட்டத்திலும் (ஃப்ரேம்), மறுமுனை எதிர்ப்பக்கத்தில் அச்சிலும் பூட்டப்பட்டிருக்கும். ஸ்டீரிங் பெட்டியிலிருந்து சக்கரத்தைத் திருப்புவது டிராக் லிங்க் என்ற இன்னொரு தண்டு. இவை எல்லாமே கீலில் தொங்கும் கதவுபோல ஒரு முனையை மையமாகக் கொண்டு வளைகோட்டில் நகர்பவை. ஸ்பிரிங்கை நீளமாக்கி வண்டியை உயர்த்தும்போது தண்டுகளின் நீளம் மாறுவதில்லை. அவற்றின் சாய்வு மாறுகிறது. சாய்வு மாறினால் ஒவ்வொரு தண்டும் அச்சைத் தன் பக்கம் சிறிது இழுக்கிறது, அல்லது சிறிது சுழற்றுகிறது. உயர்த்திய வண்டியின் நோய்களில் பெரும்பாலானவை இந்த ஒரே உண்மையிலிருந்து பிறக்கின்றன. மீதமுள்ளவை, பொருத்தும்போது நாம் சரியாக இறுக்காமல் விட்டவற்றிலிருந்து பிறக்கின்றன.

உயிருக்கு ஆபத்தான குறை என்பதால் உதறலில்தான் தொடங்கினோம். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். சக்கரங்கள் தரையில் பதிந்திருக்க வேண்டும். கைப்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை ஓடவிட வேண்டும். ஒருவர் உள்ளே அமர்ந்து ஸ்டீரிங்கை இடமும் வலமும் சிறிதளவு ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பையும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு உணர வேண்டும். ஜாக்கியில் தூக்கிய வண்டியில் இந்தச் சோதனை பலன் தராது. எடை இறங்காத இணைப்பில் ஆட்டம் தெரியாமல் போகும்.

என் மனைவி ஸ்டீரிங்கை ஆட்டினாள். நான் இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் முனைகளையும் டிராக் லிங்க் முனைகளையும் மூன்று முறை பார்த்துவிட்டேன். எதிலும் ஆட்டம் இல்லை. "ஏங்க, இன்னும் எவ்வளவு நேரம் ஆட்டணும்?" என்று மேலிருந்து குரல் வந்தது. அப்போது மறுபக்கத்தில் படுத்திருந்த மைத்துனன், "மாமா, இங்க கையை வெச்சுப் பாருங்க" என்றான். அவன் விரல் ட்ராக் பாரின் அச்சுப்பக்க முனையில் இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தத் தண்டு போல்ட்டின் மேல் இம்மியளவு நகர்ந்து, மெல்ல "டக்" என்று தட்டியது. கண்ணால் பார்த்தால் தெரியாத அளவு அது. விரலுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அந்த போல்ட்டை முதல் நாள் நான்தான் இறுக்கினேன். வண்டி ஸ்டாண்டின் மேல் நின்று, அச்சு தொங்கிக்கொண்டிருந்தபோது, சாதாரண ரெஞ்சால் கைக்கணக்கில் இறுக்கினேன். அதற்குத் தேவை 125 அடி-பவுண்டு, அதாவது சுமார் 170 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இந்த அளவைக் கை ஒருபோதும் சரியாகச் சொல்லாது. டார்க் ரெஞ்ச்தான் சொல்லும். கழற்றிப் பார்த்தபோது போல்ட்டின் உடலில் பளபளப்பான ஒரு தேய்மான வளையம் இருந்தது. நல்ல வேளையாக அச்சின் பிடிப்பிலுள்ள துளை முட்டை வடிவமாகவில்லை. ஆகியிருந்தால் பற்றவைக்கும் வேலை வந்திருக்கும். இந்த வண்டியில் வரும் போல்ட் 14 மி.மீ. தடிமன் கொண்டது, துளைக்குள் சிறிது இடைவெளி விட்டே அமரும். பலர் செய்வதுபோல, அதைவிட மிகச் சிறிதே தடித்த 9/16 அங்குல உயர்வலு போல்ட்டை மாட்டினேன். அதே சோதனையில், சக்கரம் திரும்ப உதவும் பந்து மூட்டான கீழ் பால் ஜாயின்ட்டையும் பார்த்தோம். சக்கரத்தைத் தரையிலிருந்து சற்றே தூக்கி, டயருக்கு அடியில் கடப்பாரையை வைத்து நெம்பியபோது வலப்பக்கத்தில் லேசான ஆட்டம் தெரிந்தது. கனமான டயர்கள் பழைய பால் ஜாயின்ட்டுகளை விரைவில் தேய்த்துவிடும் என்பதால் இருபக்கமும் மாற்றினோம்.

ட்ராக் பாரில் நான் செய்த தவறு மற்ற போல்ட்டுகளிலும் இருந்தது. கன்ட்ரோல் ஆர்ம்களின் முனையில் உள்ள ரப்பர் புஷ் சுதந்திரமாகச் சுழலும் பாகம் அன்று. அதன் உள்குழாயும் வெளிக்குழாயும் ரப்பரோடு ஒட்டியவை. போல்ட்டை இறுக்கும்போது உள்குழாய் பிடிப்போடு உறைந்துவிடுகிறது. அந்த நிலையே ரப்பரின் ஓய்வு நிலை. அச்சு தொங்கும்போது இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய கணமே எல்லாப் புஷ்களும் முறுக்கிய துணிபோல முறுகி நிற்கும். அந்த முறுக்கம் வண்டியை விறைப்பாக்கும். ரப்பரைச் சில மாதங்களில் கிழிக்கும். ஆகவே வண்டியைத் தன் முழு எடையோடு தரையில் நிறுத்தி, எல்லா போல்ட்டுகளையும் தளர்த்தி, முன்னும் பின்னும் சில முறை தள்ளி அமரவிட்டு, பிறகு அளவுப்படி இறுக்கினோம். கீழ் ஆர்ம்களுக்கு 125, மேல் ஆர்ம்களுக்கு 75 அடி-பவுண்டு. அன்று மாலையே, சிறு மேடுகளில் வண்டி குதிப்பது குறைந்திருந்தது.

டயரையும் அதே வாரத்தில் கவனித்தோம். கடையில் 40 பி.எஸ்.ஐ. அடித்துக் கொடுத்திருந்தார்கள். டயரின் குறுக்கே சுண்ணக்கட்டியால் கோடு இழுத்து, நேராகச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தால், நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று அதிகம்; ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. என் வண்டியின் எடைக்கு 28 பி.எஸ்.ஐ.யில் கோடு முழு அகலத்துக்கும் சீராக அழிந்தது. பேலன்சிங்கும் மறுபடி செய்தோம். உதறலைத் தொடங்கிவைக்கும் சிறு பொறி பெரும்பாலும் டயரின் எடைச் சமநிலைக் குறைபாட்டிலிருந்து வருகிறது. ஆயினும் ஆட்டம் இல்லாத இணைப்புகளில் அந்தப் பொறி தீயாகப் பற்றுவதில்லை.

இனி அந்த பிட்மன் ஆர்ம். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மூக்கு வெட்டியதற்கு முழுக் காரணமும் அதுவே. ட்ராக் பாரும் டிராக் லிங்க்கும் பெயரில் மட்டுமல்ல, அமைப்பிலும் இரட்டையர். முன்னிருந்து பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே நீளத்தில், ஒன்றுக்கொன்று இணையாகச் சாய்ந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் அச்சு மேலும் கீழும் போகும்போது இரண்டும் ஒரே வளைகோட்டில் நகரும், ட்ராக் பார் அச்சை எவ்வளவு பக்கவாட்டில் இழுக்கிறதோ, அதே அளவு டிராக் லிங்க்கும் உடன் வரும், சக்கரம் திரும்பாது. இணை குலைந்தால் ஒவ்வொரு மேடும் பள்ளமும் ஒரு சிறிய ஸ்டீரிங் திருப்பமாக மாறும்.

இரண்டரை அங்குல உயர்வில் வேறு எதையும் மாற்றாவிட்டால் இரண்டு தண்டுகளின் சாய்வும் சேர்ந்தே கூடும், இணை குலையாது. நான் செய்தது என்ன? வளைந்த பிட்மன் ஆர்மால் டிராக் லிங்க்கின் மேல்முனையை மட்டும் கீழே இறக்கி அதைத் தட்டையாக்கினேன். ட்ராக் பாரை அப்படியே விட்டுவிட்டேன். கோணமானியை வைத்துப் பார்த்தபோது ட்ராக் பார் 13 பாகை, டிராக் லிங்க் 8 பாகை. ஐந்து பாகை வேறுபாட்டைச் சாலையில் கையால் உணர முடிந்தது. புல்லர் கருவியால் வளைந்த ஆர்மைக் கழற்றி, பழைய நேரான ஆர்மை மாட்டியதும் வேறுபாடு ஒரு பாகைக்கும் குறைவாயிற்று. மறுநாள் அதே பள்ளத்தில் மூக்கு அசையவில்லை. தவறான பாகம் ஒன்றை நீக்கியதால் வண்டி சரியான அந்தத் தருணம், புதிய பாகங்களை வாங்கியபோது கிடைக்காத மகிழ்ச்சியை எனக்குத் தந்தது.

உயர்த்திய பிறகு முன் அச்சு ஓட்டுநர் பக்கம் சுமார் 13 மி.மீ. நகர்ந்திருந்ததையும் தூக்குக்குண்டு கட்டி அளந்தோம். ட்ராக் பாரின் சாய்வு கூடும்போது இது நடந்தே தீரும். நீளம் மாற்றக்கூடிய ட்ராக் பார் வாங்கி இதைத் திருத்தலாம். கண்ணுக்குத் தெரியும் இந்த நகர்வு ஓட்டும் கைக்குத் தெரிவதில்லை என்பதால் நான் அதற்குப் பணம் செலவிடவில்லை.

ஸ்டீரிங் சக்கரத்தை நேராக்கும் வேலையை இவற்றுக்கெல்லாம் பிறகே எடுத்துக்கொண்டோம். முதல் நாளே அதைச் செய்திருந்தால், பிட்மன் ஆர்மை மாற்றியதும் மறுபடி கோணலாகியிருக்கும். முதலில் டை ராடில் டோ அளவைச் சரிசெய்ய வேண்டும். இரண்டு முன்டயர்களின் முன்விளிம்பு இடைவெளி, பின்விளிம்பு இடைவெளியைவிட 3 மி.மீ. குறைவாக இருக்குமாறு வைத்தோம். இந்த டயர் அளவுக்கு அது ஏறத்தாழ 0.2 பாகை. அதன் பிறகு, டிராக் லிங்க்கின் நடுவிலுள்ள திருகுக்குழாயின் இரண்டு பிடிகளையும் தளர்த்தி, சக்கரங்கள் நேராக இருக்கும்போது ஸ்டீரிங்கும் நேராக வரும் வரை சுழற்றினோம். இ.எஸ்.பி. விளக்கு அன்றோடு அடங்கியது. காரணம் எளியது. ஸ்டீரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை ஓர் உணரி சொல்கிறது. வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்பதை மற்றோர் உணரி சொல்கிறது. நேர்ச் சாலையில் ஸ்டீரிங் கோணலாக இருந்தால், ஓட்டுநர் திருப்பியும் வண்டி வழுக்கிச் செல்கிறது என்று கணினி முடிவு செய்து, ஒரு சக்கரத்தின் பிரேக்கைப் பிடிக்கிறது. மின்சாரக் கோளாறு என்று எண்ணி இதற்காக உணரியை மாற்றியவர்களையும் நான் அறிவேன்.

கடைசியில் எஞ்சியது அலைபாய்தல். வீல் அலைன்மென்ட் கடையில் கொடுத்த தாளில் காஸ்டர் 2.6 பாகை என்றிருந்தது. தொழிற்சாலை அளவு சுமார் 4.2. காஸ்டர் என்பதைச் சைக்கிளைக் கொண்டு விளக்கலாம். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது, கைகளை விட்டாலும் அது நேராக ஓட உதவுகிறது. அந்தச் சாய்வு குறைந்தால் சக்கரம் தானாக நேர்நிலைக்குத் திரும்பும் குணத்தை இழக்கிறது. ஜே.கே.யை உயர்த்தும்போது கன்ட்ரோல் ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சாய்ந்து, அச்சை முன்னோக்கி உருட்டிவிடுகின்றன, காஸ்டர் குறைகிறது. பக்கக் காற்றில் வண்டி அலைந்ததற்கும், வளைவு முடிந்தும் ஸ்டீரிங் திரும்பாததற்கும் காரணம் இதுவே.

இதைச் சரிசெய்ய இரண்டு பொது வழிகள் உண்டு. கன்ட்ரோல் ஆர்ம்களின் சட்டப்பக்க முனைகளைக் கீழே இறக்கும் பிராக்கெட்டுகள் விலை குறைந்தவை. ஆர்ம்களின் சாய்வையும் திருத்துவதால் பயணம் மென்மையாகும். பெரும்பாலும் சாலையிலேயே ஓட்டுபவருக்கு நான் அவற்றையே பரிந்துரைப்பேன். ஆனால் அவை பாறையில் முட்டும் இடத்தில் தொங்குகின்றன. பாறைக்காகவே உயர்த்திய வண்டியில் அதை நான் விரும்பவில்லை. ஆகவே நீளம் மாற்றக்கூடிய கீழ் ஆர்ம்களை வாங்கி, அச்சின் அடிப்பகுதியை முன்னோக்கித் தள்ளி, காஸ்டரை 5.5 பாகைக்குக் கொண்டுவந்தோம். வண்டி அம்புபோல் ஓடியது. ஆனால் 65 மைலுக்கு மேல் தரைத்தளத்தில் ஒரு மெல்லிய, விடாத அதிர்வு புதிதாக வந்தது.

இது டயர் அதிர்வு அன்று என்பது அதன் சீரான, வேகமான துடிப்பிலிருந்து தெரிந்தது. அச்சைப் பின்னோக்கி உருட்டினால் காஸ்டர் கூடும். அதே அசைவில், அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியலின் மூக்கு கீழே இறங்கி, எஞ்சினின் விசையை அதற்குக் கொண்டுவரும் சுழல்தண்டான முன் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டுக் கோணம் கூர்மையாகும். இந்த வண்டியில் முன்சக்கரங்களை அச்சிலிருந்து பிரிக்கும் வசதி இல்லாததால், இரு சக்கர இயக்கத்திலும் முன் ஷாஃப்ட் எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கும். சந்தேகம் தீர, அந்த ஷாஃப்ட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, இரு சக்கர இயக்கத்தில் அதே சாலையில் ஓட்டினேன். அதிர்வு முற்றிலும் மறைந்தது. வேறு எந்தச் சோதனையும் இவ்வளவு தெளிவான விடையைத் தந்ததில்லை. ஷாஃப்ட்டைத் திரும்ப மாட்டி, ஆர்ம்களைச் சிறிது சிறிதாகக் குறைத்து, 4.7 பாகையில் நிறுத்தினோம். அங்கே அதிர்வும் இல்லை, அலைச்சலும் இல்லை.

ஏழாவது வாரத்தின் இறுதியில் நானும் மைத்துனனும் நோட்டை எடுத்துக்கொண்டு அதே ஐ-17இல் சென்றோம். அந்தப் பாலத்தின் இணைப்பை 45, 50, 55, 60 மைல் வேகங்களில் நான்கு முறை கடந்தோம். சன்செட் பாயின்ட் மேட்டில் குறுக்கே வீசிய காற்றில் ஸ்டீரிங்கை விரல்களால் மட்டும் பிடித்துப் பார்த்தேன். வண்டி சிறிது சாய்ந்து, தன் கோட்டுக்குத் தானே திரும்பியது. நோட்டில் இருந்த நான்கு வரிகளையும் அடித்துவிட்டு, ஐந்தாவதாக ஒன்றை எழுதினேன்: 500 மைலில் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

500 மைல் முடிந்த அன்று பார்த்தபோது மற்றவை எல்லாம் அசையாமல் இருந்தன. ட்ராக் பாரின் சட்டப்பக்க போல்ட் மட்டும் டார்க் ரெஞ்ச் சொடுக்குவதற்கு முன் கால் சுற்றுக்கும் குறைவாகத் திரும்பியது. போல்ட் நகர்ந்தால் தெரிவதற்காக முன்பு வரைந்திருந்த பழைய மஞ்சள் கோட்டைத் துடைத்துவிட்டு, போல்ட்டின் தலையிலிருந்து பிடிப்பின் மேல் நீளுமாறு புதிய கோடு ஒன்றை வரைந்தேன். மைத்துனன் தேதியையும் மைல் கணக்கையும் நோட்டில் குறித்தான்.